இணையத்தில் தேடுவோம், ஊரில் கூடுவோம்

"நெட்ல போட்டுப் பாருங்க சார், எல்லாம் வந்துடும்" என்று இப்போது யாரைக் கேட்டாலும் சொல்கிறார்கள். சொல்வதில் பாதி உண்மை. ரயில் நேரமோ மருந்தின் பெயரோ வேண்டுமென்றால் போட்டுப் பார்த்தால் வரும். ஆனால் ஒரு பொருளைப் பற்றி நமக்கு ஒன்றுமே தெரியாது, எந்தச் சொல்லைப் போடுவது என்பதும் தெரியாது என்றால், தேடுபொறி பாவம் என்ன செய்யும்? கடைக்குப் போய் அரைக் கிலோ துவரம்பருப்பு வாங்கி வருவது ஒரு வேலை. புதிதாகக் குடிவந்த ஊரில் தெருத்தெருவாக நடந்து ஊரைத் தெரிந்துகொள்வது வேறு வேலை. முதல் வேலைக்குத் தேடுபொறி போதும். இரண்டாவது வேலைக்குக் கொஞ்சம் முறை வேண்டும். கூடவே நாலு மனிதர்களும் வேண்டும்.

அந்த முறையைப் பற்றியும் மனிதர்களைப் பற்றியும் எனக்குத் தெரிந்த அளவில் இங்கே எழுதுகிறேன். நான் ஓய்வுபெற்ற பொறியாளன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பெங்களூர்வாசி. உதாரணமெல்லாம் இந்த ஊரிலிருந்தே எடுத்திருக்கிறேன். மும்பையிலோ தில்லியிலோ கொல்கத்தாவிலோ இருக்கும் அன்பர்கள் ஊர்ப்பெயரை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

பொருளைக் கூறு போடுதல்

இந்த விஷயத்தில் நமக்கு ஆசான் ஒரு தமிழர், அதுவும் பெங்களூரில் வாழ்ந்து மறைந்தவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன் அடிப்படையில் கணிதப் பேராசிரியர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக நியமிக்கப்பட்டு, பயிற்சிக்காக லண்டன் போனார். அங்கே ஒரு கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுச் சாமானைப் பார்த்தார். சில வகைத் துண்டுகள்தாம். அவற்றைத் திருகாணி போட்டு இணைத்தால் வண்டியும் செய்யலாம், பாலமும் செய்யலாம். நூல்களின் பொருளையும் இப்படித் துண்டுகளாகப் பிரித்து இணைக்கலாமே என்ற யோசனை அவருக்கு அப்போது வந்தது. 1933இல் வெளிவந்த அவருடைய கோலன் பகுப்புமுறை இந்த யோசனையின் விளைவு. பிற்காலத்தில் அவர் பெங்களூரில் குடியேறினார். 1962இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் கீழ் ஆவணமாக்க ஆராய்ச்சிப் பயிற்சி மையத்தை இங்கே தொடங்கினார். 1972இல் இங்கேயே காலமானார்.

அவருக்கு முந்தைய பகுப்புமுறைகளில் பெரும்பாலும் ஒவ்வொரு பொருளுக்கும் முன்கூட்டியே ஒரு பெட்டி செய்து வைத்திருப்பார்கள். புதுப் பொருள் வந்தால் பெட்டி இருக்காது. அரங்கநாதன், எந்தப் பொருளையும் ஐந்து அடிப்படைக் கூறுகளாகப் பிரித்துப் பார்க்கலாம் என்றார். அவருடைய கோட்பாடு நுட்பமானது; வீட்டுப் பாஷையில் சொன்னால் ஐந்து கேள்விகள்: எது? எதனால் ஆனது? அதில் என்ன நடக்கிறது? எங்கே? எப்போது?

இன்று இணையக் கடையில் சட்டை வாங்கப் போனால் ஓரத்தில் அளவு, நிறம், துணி, விலை என்று வடிகட்டிக்கொள்ள வசதி இருக்கிறதல்லவா? அந்த வசதிக்குப் பின்னால் இருப்பது இந்தக் கூறுமுறைதான். சட்டைக்கு உதவுவது அறிவைத் தேடவும் உதவும். தேடுபொறியில் விரல் வைப்பதற்கு முன்னால் ஒரு தாளில் இந்த ஐந்து கேள்விகளையும் எழுதி விடை நிரப்பிப் பாருங்கள். எந்தக் கட்டம் காலியாக இருக்கிறதோ, உங்கள் ஆராய்ச்சி அங்கேதான் இருக்கிறது.

கருவிகள் வரும், போகும்

ஒரு பொருளைச் சுற்றிப் பார்ப்பதற்கென்றே இணையத்தில் பல கருவிகள் வந்து போயிருக்கின்றன. 1998இல் தொடங்கிய திறந்த அடைவுத் திட்டத்தில் தன்னார்வலர்கள் வலைத்தளங்களைப் பொருள்வாரியாக அடுக்கி வைத்தார்கள். 2017இல் அது மூடப்பட்டது. தேடல் முடிவுகளைத் தீவுகளும் பாதைகளுமாக வரைபடம் போலக் காட்டிய கார்ட்டூ என்ற பிரெஞ்சுத் தேடுபொறி 2010இல் நின்றது. கூகுள் நிறுவனமே 2009இல் "வண்டர் வீல்" என்று ஒரு சக்கரத்தைக் கொண்டுவந்தது. நடுவில் நம் சொல், சுற்றிலும் ஆரங்களில் தொடர்புடைய சொற்கள். பார்க்க அழகாக இருக்கும். 2011இல் அதையும் எடுத்துவிட்டார்கள்.

ஆகவே கருவியின் பெயரை மனப்பாடம் செய்து பயனில்லை. எந்த வேலைக்கு எந்த வகைக் கருவி என்று தெரிந்துகொண்டால் போதும். இப்போது கைவசம் உள்ளவற்றில் நான் அடிக்கடி பயன்படுத்துபவை நான்கு.

முதலாவது, விக்கிப்பீடியா. தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. இன்று ஒன்றரை லட்சம் கட்டுரைகளைத் தாண்டி நிற்கிறது. பலரும் கட்டுரையைப் படித்துவிட்டு எழுந்துவிடுகிறார்கள். கட்டுரையின் அடியில் பகுப்புகள் இருக்கும். அதே இனத்தைச் சேர்ந்த பிற கட்டுரைகளை அவை காட்டும். "இப்பக்கத்தை இணைத்தவை" என்று ஒரு வசதி இருக்கிறது. எந்தெந்தக் கட்டுரைகள் இந்தப் பொருளைக் குறிப்பிடுகின்றன என்று அது பட்டியல் போடும். நாம் எதிர்பாராத உறவுகள் அதில்தான் கிடைக்கும்.

இரண்டாவது, அதே பக்கத்தில் உள்ள பிறமொழி இணைப்புகள். கன்னடம் எழுதத் தெரியாதவர்கூட, கன்னடக் கட்டுரையின் தலைப்பை அப்படியே படியெடுத்துத் தேடுபொறியில் ஒட்டலாம். தமிழில் தேடினால் வராத படங்களும் செய்திகளும் வந்து கொட்டும். 2012இல் தொடங்கிய விக்கித்தரவு இந்தப் பல மொழிப் பெயர்களையெல்லாம் ஓர் எண்ணின் கீழ்த் தொகுத்து வைத்திருக்கிறது.

மூன்றாவது, இணைய ஆவணக்காப்பகம். 1996இல் தொடங்கப்பட்டது. பதிப்புரிமை முடிந்த பழைய நூல்களின் மின்படிகள் அங்கே ஏராளம். மறைந்துபோன வலைத்தளங்களின் பழைய பக்கங்களும் உண்டு. தமிழ் இலக்கியத்துக்கு 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் இருக்கிறது.

நான்காவது, அகராதி. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியைச் சிகாகோ பல்கலைக்கழகத்தார் இணையத்தில் தேடும்படி வைத்திருக்கிறார்கள். பழைய சொல் ஒன்று புரியவில்லையென்றால் அலமாரியிலிருந்து கனமான தொகுதியை இறக்க வேண்டியதில்லை.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தபின், கேட்ட கேள்விக்குப் பேச்சுவாக்கில் பதில் சொல்லும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் இந்த வரிசையில் சேர்ந்துவிட்டன. தொடங்குவதற்கு நல்லவைதான், எந்தச் சொற்களைத் தேடலாம் என்று கேட்டால் நன்றாகவே எடுத்துக் கொடுக்கும். ஆனால் தெரியாததையும் தெரிந்த மாதிரியே சொல்லும் குணம் அவற்றுக்கு உண்டு. எந்த நூல், எந்தத் தொகுதி, எந்த எண் என்று கேளுங்கள். பிறகு அந்த நூலை நீங்களே திறந்து பாருங்கள்.

தமிழில் ஏன் அகப்படுவதில்லை?

"தமிழில் தேடினால் ஒன்றும் வரலைங்க" என்று அலுத்துக்கொள்பவர்கள் உண்டு. அதற்குக் காரணங்கள் இருக்கின்றன.

ஒன்று, எழுத்துருச் சிக்கல். 1990களின் இறுதியிலும் அதன்பின் சில ஆண்டுகளும் தமிழ்த் தளங்கள் ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்தன. நம் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். கணினிக்குள்ளே அது ரோமன் எழுத்துகளின் குவியல்தான். தேடுபொறிக்கு அது தமிழ் என்றே தெரியாது. ஒருங்குறியில் தமிழ் 1991இலேயே இடம்பெற்றுவிட்டாலும், அது பரவலானது 2000க்குப் பிறகு. தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது 2010இல். ஆகவே பழைய தளங்களில் இருந்த எத்தனையோ நல்ல கட்டுரைகள் தேடலில் சிக்குவதில்லை.

இன்னொன்று, நம் மொழியின் இயல்பு. ஆங்கிலத்தில் ஊர்ப்பெயர் மாறாமல் நிற்கும். தமிழில் "கல்வெட்டு" என்பது கல்வெட்டில், கல்வெட்டுக்கு, கல்வெட்டுகளை என்றெல்லாம் உருமாறும். ஒரு வடிவத்தைத் தேடிக் கிடைக்காவிட்டால் மற்ற வடிவங்களையும் போட வேண்டும். "சாசனம்" போன்ற மாற்றுச் சொற்களையும் மறக்கக் கூடாது. கன்னடத்தில் கல்வெட்டுக்குச் "சாசன" என்பதே வழக்கு.

தொம்மலூரை எடுத்துக்கொள்வோம்

இத்தனையும் வைத்து ஒரு பொருளை எப்படி ஆராய்வது? பெங்களூரில் விமான நிலையப் பழைய சாலைப் பக்கம் தொம்மலூர் இருக்கிறது. தினமும் ஆயிரக்கணக்கானோர் கணினி அலுவலகங்களுக்கு அந்த வழியாகப் போகிறார்கள். அங்கே சொக்கநாதசுவாமி கோயில் என்று ஒன்று உண்டு. பெயரைக் கேட்டால் சிவன் கோயில் என்று நினைப்போம். உள்ளே இருப்பவர் பெருமாள். ஏன் இப்படி?

ஐந்து கேள்விகளை நிரப்புங்கள். எது? கோயில். எதனால் ஆனது? கல், கல்லில் எழுத்து. என்ன நடந்தது? கொடை. எங்கே? தொம்மலூர். எப்போது? இந்தக் கட்டம் காலி. இதை நிரப்பத்தான் தேட வேண்டும்.

விக்கிப்பீடியாவில் தொம்மலூர் பற்றிப் படித்தால் அது "எபிகிராபியா கர்னாடிகா" என்ற கல்வெட்டுத் தொகுப்பைக் கைகாட்டும். பெங்களூரில் 1837இல் பிறந்த ஆங்கிலேயரான லூயிஸ் ரைஸ், மைசூர்த் தொல்லியல் துறைக்காகத் தொகுத்த பெரிய வரிசை அது. பெங்களூர் மாவட்டத்துக்கானது ஒன்பதாம் தொகுதி, 1905இல் வெளிவந்தது. இணைய ஆவணக்காப்பகத்தில் மின்படி கிடைக்கிறது. ஆனால் அதற்குள் "தொம்மலூர்" என்று தேடினால் சுலபத்தில் வராது. கல்வெட்டில் ஊரின் பெயர் தொம்பலூர். தேசிமாணிக்கப்பட்டணம் என்று இன்னொரு பெயரும் உண்டு. போதாததற்கு, பழைய அச்சில் ரோமன் எழுத்துக்கு மேலும் கீழும் புள்ளியும் கோடும் போட்டிருப்பதால், இயந்திரம் படித்த பிரதியில் பெயர்கள் சிதைந்துபோயிருக்கும். அதனால் கணினித் தேடலை விட்டுவிட்டு, தாத்தா காலத்து முறையில் தாலுக்காவையும் எண்ணையும் பார்த்துப் பக்கம் புரட்டுவதே நல்லது.

புரட்டினால் என்ன கிடைக்கிறது? சொக்கப்பெருமாள் கோயிலுக்கு ஒருவர் இரண்டு நிலைக்கால்கள் கொடுத்த செய்தி தமிழில் இருக்கிறது. சொக்கப்பெருமாள் என்ற பெயரைப் பார்த்ததுமே நம் முதல் கேள்விக்கு வழி தெரிந்துவிடுகிறது. அகராதியில் "சொக்கன்" என்று பாருங்கள்: அழகன் என்று பொருள் இருக்கும். அழகிய பெருமாள்தான் சொக்கப்பெருமாள்; பின்னாளில் அது சொக்கநாதர் ஆகியிருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

போசள மன்னன் வீர ராமநாதன் காலத்து ஆவணமும் இந்தக் கோயிலுக்கு உண்டு. காலியாக இருந்த கட்டத்தில் 13ஆம் நூற்றாண்டு என்று எழுதிக்கொள்ளலாம். இந்த ராமநாதன் யார்? கன்னட நாட்டு அரச மரபில் வந்தவன். இருந்து ஆண்டதோ திருச்சிக்குப் பக்கத்தில், சமயபுரத்தை ஒட்டிய கண்ணனூரில். கன்னட மரபின் அரசன், தமிழ்நாட்டில் தலைநகர், அவன் ஆட்சியில் பெங்களூர் மண்ணில் தமிழ்க் கல்வெட்டு! இதைப் படித்த பிறகு, எது யாருடைய ஊர் என்று சண்டை போட நமக்கு வாய் வருமா? இந்தக் கற்களை யாரும் பட்டா மாதிரி நீட்டக் கூடாது. இரண்டு மொழிக்காரர்களும் அடுத்தடுத்த வீட்டில் வாழ்ந்ததற்கு அவை சாட்சி. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அரைகுறையாகத் தேடி எடுத்த செய்திதான் வாட்ஸ்அப்பில் வம்பாகப் பரவுகிறது.

நேரில் கூடுவது எதற்கு?

இவ்வளவும் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தே செய்யலாம். இதற்குமேல் நகர ஆள் வேண்டும்.

பெங்களூரில் கணினிக்காரர்கள் தாமாகக் கூடுவது பழைய வழக்கம். 2001இல் லினக்ஸ் பெங்களூர் என்று தொடங்கிய கூட்டம் 2005இல் "ஃபாஸ் டாட் இன்" என்று பெயர் மாறி 2012 வரை நடந்தது. 2006இல் பார்கேம்ப் வந்தது. அதே ஆண்டு சென்னையிலும் தில்லியிலும் நடந்தது. அதில் முன்கூட்டி அச்சடித்த நிகழ்ச்சி நிரல் கிடையாது. சுவரில் ஒரு கட்டம் போட்ட பலகை இருக்கும். பேச விரும்புகிறவர் தன் தலைப்பை எழுதி ஒட்ட வேண்டியதுதான். தலைமையுரை, பொன்னாடை, வரவேற்புரை எதுவும் இல்லை! 2009இல் பைத்தான் மொழிக்காரர்களின் முதல் இந்திய மாநாடும் இந்த ஊரில்தான் கூடியது. இவை தவிர விக்கிப்பீடியர் சந்திப்பு, திறந்த வரைபடக்காரர் சந்திப்பு என்று சின்னச் சின்னக் கூட்டங்கள் பல.

"எல்லாம் இணையத்திலேயே இருக்கும்போது எதற்கு நேரில்?" என்று கேட்கலாம். நான் போய்ப் பார்த்த வரையில், நூலில் எழுதாத விஷயம்தான் அங்கே கிடைக்கிறது. ஒரு நிரல் எப்படி வேலை செய்யும் என்பது ஏட்டில் இருக்கும். எங்கே இடறும் என்பதை இடறினவர்தான் சொல்வார், அதுவும் தேநீர் குடிக்கும்போதுதான் சொல்வார். தனக்குத் தெரியாது என்பதைத் தெரியாத ஒருவனுக்கு, "நீங்க தேட வேண்டியது இது இல்லை சார், அது" என்று திருப்பிவிட இன்னொரு மனிதர் வேண்டியிருக்கிறது.

கல்லும் செல்பேசியும்

இந்தக் கணினிக் கூட்டப் பழக்கம் பெங்களூரில் கல்வெட்டுப் பக்கமும் திரும்பியது. பொறியாளர்களும் கணினிக்காரர்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய தொகுதியின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, ரைஸ் கண்ட கற்கள் இன்னும் இருக்கின்றனவா என்று தேடிப் புறப்பட்டார்கள். இருந்த இடத்தில் இல்லாதவை பல. சாலையை அகலப்படுத்தும்போதும் அடுக்குமாடிக்கு அடித்தளம் தோண்டும்போதும் கற்கள் புதைந்தும் உடைந்தும் போய்விடுகின்றன. நல்ல செய்தியும் உண்டு. 2018இல் ஹெப்பாளத்தில், கங்க மன்னன் ஸ்ரீபுருஷன் காலத்துக் கன்னட நடுகல் ஒன்று இப்படிப்பட்ட ஆர்வலர்கள் முயற்சியால் வெளிச்சத்துக்கு வந்தது. ஏறத்தாழ கி.பி. 750ஐச் சேர்ந்தது. 1909இல் நிறுவப்பட்ட மிதிக் சொசைட்டி, 2021இல் பெங்களூர்க் கல்வெட்டுகளை முப்பரிமாண முறையில் பதிவு செய்யும் திட்டத்தைத் தொடங்கியது.

முப்பரிமாணப் பதிவு என்றால் என்ன? தேய்ந்த கல்லில் எழுத்தின் பள்ளம் மிகக் குறைவாக இருக்கும். உச்சி வெயிலில் படமெடுத்தால் எல்லாம் ஒரே சமமாகத் தெரியும். காலையிலோ மாலையிலோ, வெயில் சாய்வாக விழும்போது எடுத்தால் பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து துலங்கும். இரவில் கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடித்தும் இதைச் செய்யலாம். வருடி என்ற கருவி கல்லின் ஒவ்வொரு புள்ளியின் மேடுபள்ளத்தையும் அளந்து கணினிக்குள் ஒரு கல்லையே செய்துவிடுகிறது. பிறகு வெளிச்சத்தை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பிப் பார்க்கலாம். கல்லுக்கு நேரும் சேதம் எதுவும் இல்லை. சுண்ணாம்பு பூசுவதோ கூர்மையான எதையாவது வைத்துச் சுரண்டுவதோ கூடவே கூடாது.

இப்படி ஒரு நடையில் நானும் போயிருந்தேன். இளைஞர்கள் கையில் கருவி எல்லாம் இருந்தது. ஒரு தம்பி கல்லைக் காட்டி, "அங்கிள், இது தமிழா, கன்னடமா?" என்று கேட்டார். தமிழ்தான், நடுநடுவே கிரந்த எழுத்து. அவருடைய தாய்மொழியும் தமிழ்தான், வீட்டில் நன்றாகப் பேசுவாராம். எழுத்துத் தெரியாது. எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டியதும் அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. நம் சங்கத்தில் தமிழ் படிக்கத் தெரிந்த பெரியவர்களிடம் கருவி இல்லை. கருவி உள்ள பிள்ளைகளுக்கு எழுத்து இல்லை. இருவரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள்!

நம் சங்கம் என்ன செய்யலாம்?

மாதம் ஒரு ஞாயிறு, காலை இரண்டு மணி நேரம் போதும். ஒரு கூட்டத்துக்கு ஒரே கேள்வி: இந்தத் தெருவுக்கு இந்தப் பெயர் ஏன்? இந்தக் கல்லில் என்ன இருக்கிறது? முதல் அரைமணி ஐந்து கேள்விகளை நிரப்பிக்கொள்ளலாம். அடுத்த ஒரு மணி, இரண்டிரண்டு பேராக, ஒரு பெரியவர் ஒரு பிள்ளை என்று சேர்ந்து தேடலாம். கடைசி அரைமணி, கண்டதையும் காணாததையும் ஒருவர் எழுதி வைக்க வேண்டும். காணாமல் விட்டதே அடுத்த மாதத்தின் கேள்வி. எழுதி வைக்காத கூட்டம் கலைந்தவுடன் காற்றோடு போய்விடும்.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வெளியே போகலாம். கோயிலானால் நிர்வாகத்திடமும் தனியார் இடமானால் உரியவரிடமும் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும். படத்தோடு இடம், நாள், கல்வெட்டு எண் மூன்றையும் குறித்து, யாரும் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தோடு விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றிவிட்டால் நமக்குப் பிறகு வருகிறவர்களுக்கும் அது இருக்கும். கன்னட அன்பர்களை அவசியம் அழையுங்கள். அவர்கள் இல்லாமல் பாதிக் கல்லைப் படிக்க முடியாது. நாம் இல்லாமல் மீதியை அவர்களாலும் படிக்க முடியாது.

அரங்கநாதன் நூலகத்துக்கு வகுத்த ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை வீணாக்காமல் காப்பது பற்றியது. நமக்கோ நேரத்தோடு கல்லையும் காக்க வேண்டியிருக்கிறது. அடுத்த சாலைப் பணிக்கு எந்தத் தெருவில் குறியீடு போட்டிருக்கிறார்களோ, முதல் கூட்டத்தை அந்தத் தெருவைப் பற்றியே வைத்துக்கொள்ளலாம். செல்பேசியைப் பேரப்பிள்ளை எடுத்துவரட்டும்; மூக்குக்கண்ணாடியை மறக்காமல் நீங்கள் எடுத்து வாருங்கள்.